இரண்டு பேர் வீட்டுத் தண்ணீர்

மார்ச் 9, ஞாயிறு

காலையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். பைக்குகளை ஓரம் தள்ளிவிட்டு, வண்டி நிறுத்துமிடத்திலேயே நாற்காலி போட்டோம். துருப்பிடித்த குழாய்களை எடுத்துவிட்டுக் கட்டடம் முழுவதும் புதிதாகப் போட மாநகராட்சியில் அனுமதி கேட்டிருந்தோம். அது வந்துவிட்டது, நிபந்தனைகளோடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர் மீட்டர் வைக்க வேண்டும். எல்லாக் குழாய்களின் வாயிலும் ஏரேட்டர் என்கிற சல்லடை மூடி மாட்ட வேண்டும். காற்றும் கலந்து விழுவதால் தண்ணீர் குறைவாகச் செலவாகும். மொட்டை மாடியில் விழும் மழை ஒரு சொட்டு வீணாகாமல் கிணற்றுக்குப் போக வேண்டும். வெந்நீருக்கு சோலார். எல்லாம் முடிந்ததும் பொறியாளர் வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரச் சோதனை பார்க்கிறவன். அளக்க முடியாத எதையும் சரிசெய்ய முடியாது என்பது என் கட்சி.

இரண்டாம் மாடி கிருபாகரன் எழுந்தார். "மீட்டர் போட்டு யார் சார் அளக்கறது? எங்க வீட்ல ஆறு பேரு. எங்களைத்தானே குறி வெக்கிறீங்க?"

"நான்தான் அளப்பேன், செயலாளர்ங்கிற முறையில. என் வீடும் அதே லிஸ்ட்லதான் இருக்கும் சார்" என்றேன். கை தட்டினார்கள். தலைவர் ரோஸ்லின் டீச்சர் உடனே தீர்மானம் எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பூங்கோதை பால்கனியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நம்ம வீட்டுக்குமா மீட்டர்?" என்று கேட்டாள்.

"பின்னே? செயலாளர் வீட்டுக்கு இல்லாமலா?"

பால்கனியை மறுபடியும் முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தாள். சாப்பிட மூன்று மணியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்படித்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பிளம்பர் தனபால் எங்கள் வீட்டில்தான் முதலில் வேலையை ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று நானே சொல்லியிருந்தேன். எல்லாக் குழாய்களிலும் சல்லடை மூடி மாட்டியாயிற்று. வராந்தாவில் கதவுக்குப் பக்கத்தில் மீட்டர். சின்ன வட்டக் கண்ணாடிக்குள் சிவப்பு முள் ஓடுகிறது. சமையலறைக் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வெளியே நின்று பார்த்தேன். குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பூங்கோதைக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் கையை நீட்டி நின்றாள். "இது என்னங்க, நுரை மாதிரி விழுது. இதுல எப்படி அழுக்கு போகும்?"

"பழகிடும் மேடம். எல்லா வீட்லயும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க" என்றார் தனபால்.

அவர் போன பிறகு, அவர் கால் வைத்த இடமெல்லாம் துடைத்தாள். பிறகு துடைத்த துணியை அலசினாள். பிறகு அலசிய வாளியை.

மார்ச் 20, வியாழன்

சமையலறைக் குழாயில் சல்லடை மூடியைக் காணோம். மேடை ஓரத்தில் கிடந்தது. தனபால் சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது. நானே மாட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

மறுபடியும் கழன்று கிடக்கிறது. தனபாலிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

முதல் மாதக் கணக்கு எடுத்தேன். பாதி மாதம்தான் என்றாலும் ஒரு போக்கு தெரியும்.

எங்கள் மீட்டர் பழுது. சந்தேகமே இல்லை. மகள் யாழினி திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருகிறேன். இரண்டே பேர் இருக்கிற வீடு கிருபாகரனின் ஆறு பேர் வீட்டைவிட அதிகமாகச் செலவழிக்கிறது என்று ஒரு மீட்டர் காட்டினால், கோளாறு மீட்டரில்தான்.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு தனபாலை வரவழைத்தேன். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தோம். முள் அசையவில்லை. ஃபிளஷ் தொட்டியில் சொட்டு நீலம் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். கசிவு இருந்தால் கீழே நீலம் தெரியும். வெள்ளையாகவே இருந்தது. காலி வீடு ஒன்றின் மீட்டரைக் கழற்றி எங்கள் இடத்தில் மாட்டி, ஒரு வாளி பிடித்துப் பார்த்தோம். சரியாகத்தான் காட்டியது. பழையதும் சரியாகத்தான் காட்டியது.

"லீக் எதுவும் இல்ல சார்" என்றார் தனபால். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்ல சொந்தக்காரங்க யாராச்சும் வந்து தங்கியிருக்காங்களா?" என்று கேட்டார்.

பூங்கோதை கதவருகில் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தாள். இந்த வெயிலில்.

"இல்ல" என்றேன்.

சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே எங்காவது குழாய் உடைந்திருக்கலாம். வேறு ஆளை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

வரும் வழியில் பூங்கோதைக்குக் களிம்பு வாங்கினேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் தெரிகிறது. சோப்புத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வேறு பிராண்ட் வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூட்டம். போர் கிணற்றில் காற்றுதான் வருகிறது. லாரித் தண்ணீரை நம்பித்தான் காலம் ஓடுகிறது. யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார் கிருபாகரன். மீட்டரே வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர்!

"சில மீட்டர்ல கோளாறு இருக்கு. சரி பண்ணிட்டு அடுத்த மாசம் ஒட்டறேன்" என்றேன்.

"எந்தெந்த வீட்டு மீட்டர் சார்?"

"அதான் சரி பண்றோம்னு சொல்றேனே."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ரோஸ்லின் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கூட்டம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மொட்டை மாடிக்கு ஏறிப்போய் மழைநீர்க் குழாய்களின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது குழாய் சரியான சரிவில் இல்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். யாழினி நேற்று வந்தாள். பஸ் நிலையத்திலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். வாசலிலேயே பூங்கோதை வாளியோடு நின்றாள். பையை வெளியே வைக்கச் சொல்லி, கால் கழுவச் சொல்லி, நேராகக் குளியலறைக்கு அனுப்பினாள். யாழினி குளித்துவிட்டு வந்ததும், "முடிக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டு மறுபடி அனுப்பினாள்.

யாழினி அம்மாவைக் கட்டிக்கொள்ள வந்தபோது பூங்கோதை முழங்கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள், ஆபரேஷனுக்குத் தயாரான டாக்டர் மாதிரி. நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இன்று மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். எல்லாம் மேசைக்கு வர நான்கு மணி ஆயிற்று. அரிசியை அவள் களைந்துகொண்டே இருந்தாள். சோறு எங்கே என்று நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தபோதும் களைந்துகொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் யாழினி என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"அப்பா, அம்மா தினமும் இப்படித்தானா?"

"எப்படி?"

"என்னப்பா எப்படின்னு கேக்கறீங்க? கையைப் பார்த்தீங்களா?"

"சோப்புத் தூள் மாத்தியிருக்கேன்."

"இது சோப்புத் தூள் இல்லப்பா. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து ஆரம்பிச்சது. ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே போகுது. எங்க காலேஜ்ல ஒரு கவுன்சிலர் மேடம் இருக்காங்க, அவங்ககிட்ட பேசினேன்..."

"யாரைக் கேட்டுப் பேசினே? உங்க அம்மாவுக்குப் பைத்தியம்னு ஊர் பூரா சொல்லிட்டு வா."

யாழினி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

இரண்டு வருடம் முன்பு சாக்கடை எங்கேயோ கலந்து, எங்கள் கட்டடத்துத் தண்ணீரில் மூன்று பிள்ளைகளுக்குக் காமாலை வந்தது உண்மைதான். யாழினி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு கட்டத்தில் டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அது சரியாகிவிட்டது. தொட்டியைச் சுத்தம் செய்தாயிற்று. இப்போது குழாயும் புதிது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி முடிவும் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பூங்கோதையிடம் காட்டினேன்கூட. நல்லதுங்க என்றாள். பிறகு அந்தக் காகிதத்தைத் தொட்ட கையைக் கழுவினாள்.

ஏப்ரல் 16, புதன்

யாழினி கிளம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமைவரை இருப்பதாகச் சொல்லியிருந்தவள். பரீட்சைக்குப் படிக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 19, சனி

நேற்று சாயங்காலத்திலிருந்து லாரி வரவில்லை. எங்கேயோ டேங்கர்க்காரர்கள் வேலைநிறுத்தமாம். மேல்தொட்டி காலி. நான் காலையிலிருந்து போனில்தான் இருக்கிறேன். ஒவ்வொருவரும் சாயங்காலம் சாயங்காலம் என்கிறார்கள்.

பூங்கோதை கூடத்தில் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் சாயவில்லை. கைகளை மடியிலும் வைக்கவில்லை, காற்றில் தூக்கிப் பிடித்திருக்கிறாள். சமைக்கவில்லை. ஓட்டலில் வாங்கி வந்தேன், பிரிக்கவில்லை. குடிக்கிற கேன் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம். கேன் முக்கால்வாசி காலியான பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நாளைக்குக் குடிக்க என்ன பண்றது?" என்று கத்தினேன். "ஒரு நாள் கை கழுவலைன்னா செத்தா போயிடுவே?"

அவள் அழவில்லை. "தெரியலைங்க" என்றாள். நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்ன மாதிரி.

கத்தியிருக்க வேண்டாம். வெயில் அப்படி.

ஏப்ரல் 21, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று ஒரே ஒரு லாரி வந்தது. எல்லோருக்கும் குடத்தால் பங்கிட்டது போக, கைக்குழந்தை இருக்கிற இரண்டு வீடுகளுக்கென்று ஒரு நீல டிரம்மில் நிரப்பி, மூடி போட்டுக் கீழே வைத்திருந்தோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

இன்று பதினொரு மணிக்கு ரோஸ்லின் டீச்சர் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். "தம்பி, உடனே கிளம்பி வாங்க. பூங்கோதைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வாங்க" என்றார். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ.

கீழே கூட்டம். டிரம்மின் திருகுக் குழாய்க்குக் கீழே பூங்கோதை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர், வாசல்வரை ஓடியிருந்தது. டிரம்மில் பாதிக்கும் கீழே. குழாயை யாரோ மூடியிருந்தார்கள். அவள் கைகள் மட்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன, தண்ணீர் இல்லாமலே.

"பாருங்க சார், செயலாளர் வீட்டம்மா பண்ற வேலையை!" என்றார் கிருபாகரன். "பச்சைக் குழந்தைக்கு வெச்ச தண்ணி! நாங்க பாத்திரத்தைத் துடைச்சு வெச்சுச் சாப்பிடறோம். இவங்க கை கழுவறாங்களாம், கை! நிறுத்துங்கன்னு சொல்றேன், காதுலயே விழலை."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"மன்னிச்சுக்குங்க. அவளுக்கு வயித்துக் கோளாறு. காலையிலேர்ந்து முடியலை" என்றேன்.

பூங்கோதை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத வரவில்லை.

டீச்சர்தான் அவளைப் பிடித்து எழுப்பினார். பூங்கோதை கையை உதறிக்கொண்டாள். பிறகு தானாகவே படியேறினாள்.

வீட்டில் கதவைச் சாத்தியதும் சொன்னாள். "வயித்துக் கோளாறு இல்லைங்க."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

என் கண் சமையலறைக் குழாய்ப் பக்கம் போனது.

"அந்தச் சல்லடையை நான்தான் கழட்டிக் கழட்டி வெச்சேன். நீங்க அந்த நீலத்தை ஊத்திப் பார்த்தப்போ, கடவுளே, இவர் கண்டுபிடிச்சிடணும்னு நின்னுட்டு இருந்தேன். நீங்க சுவத்தைத் தட்டிப் பார்த்தீங்க."

ஸ்டூலை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"கழுவிட்டேன்னு எனக்குத் தெரியுதுங்க. நான் ஒண்ணும் புரியாதவ இல்ல. ஆனா கழுவின மாதிரி இல்ல. நிறுத்தினா யாழினிக்கு ஏதோ ஆயிடும்னு உள்ள ஒண்ணு சொல்லுது. அவ திருச்சியில இருக்கா, நான் இங்க கழுவாட்டி அவளுக்கு எப்படி ஆகும்? அதுவும் தெரியுது. தெரிஞ்சும் கை நிக்க மாட்டேங்குது."

கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்றாள். அப்போதுதான் அழுதாள்.

யாழினிக்குப் போன் செய்து அந்தக் கவுன்சிலர் சொன்ன டாக்டர் யார் என்று கேட்டேன். அவள் "அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெயரையும் நம்பரையும் கொடுத்தாள்.

ஏப்ரல் 26, சனி

தாம்பரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் நான்தான் முதலில் தயங்கினேன். பூங்கோதை எனக்கு முன்னால் உள்ளே போனாள். இதற்கு எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி., என்று பெயராம். நிறையப் பேருக்கு வருகிறதாம். மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு. எதையாவது தொட வேண்டும். தொட்டுவிட்டு, கழுவாமல், பயம் தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

"எவ்வளவு நாள்ல சரியாகும்?" என்று கேட்டேன்.

"மாசக்கணக்கு ஆகும். ஏறும், இறங்கும். நீங்க தினமும் மீட்டர் பார்த்து மார்க் போடாதீங்க" என்றார். பூங்கோதை மீட்டர் கதையைச் சொல்லியிருந்தாள்.

மே 3, சனி

ஏப்ரல் மாதக் கணக்கை எழுதி முடித்துவிட்டேன். எங்கள் வீடுதான் முதலில். நாளைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று பூங்கோதையிடம் கேட்டேன். நோய் என்று தெரிந்தால் யாரும் திட்ட மாட்டார்கள்.

"நம்பரைப் போடுங்க. அது நம்ம செலவு பண்ணின தண்ணி. என் நோயைப் பலகையில ஒட்டாதீங்க. என்னைப் பார்க்கிறப்பல்லாம் என் கையைப் பார்ப்பாங்க" என்றாள்.

"அப்ப அவங்க கேட்டா என்ன சொல்ல?"

"அது உங்க பாடு."

மே 4, ஞாயிறு

காலையிலேயே பட்டியலை ஒட்டினேன். கூட்டத்துக்கு முன்பே எல்லோரும் படித்திருந்தார்கள்.

கிருபாகரன் உட்காரவே இல்லை. "ரெண்டு பேரு சார்! ரெண்டே பேரு! எங்களைவிட ரெண்டு மடங்கு! மீட்டர் கோளாறுன்னீங்களே?"

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்பு."

"அப்ப இவ்வளவு தண்ணியை என்ன சார் பண்றீங்க?"

சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும். எல்லோர் முகமும் மாறிவிடும், கிருபாகரன்கூட உட்கார்ந்துவிடுவார். கீழே இருந்து பார்த்தால் எங்கள் பால்கனி தெரியும். அங்கே யாரும் இல்லை.

"எங்க வீட்ல அதிகமாச் செலவாகுது. குறைக்கறதுக்கு வேலை நடக்குது. கொஞ்சம் நாள் ஆகும்" என்றேன். "அதிகப்படி லாரிக்கு நான் கட்டிடறேன். டிரம் தண்ணிக்குக் குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். செயலாளரா நான் இருக்கக் கூடாதுன்னா, இப்பவே எழுதிக் குடுத்துடறேன்."

"இருக்கக் கூடாது" என்றார் கிருபாகரன். வேறு இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். டீச்சர் வாங்கி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். பட்டியலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மேலே வந்தபோது பூங்கோதை கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"சொல்லலையா?"

"இல்ல."

போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். வெகு நேரம் ஆயிற்று. பரவாயில்லை.

மே 19, திங்கள்

பொறியாளர் வந்து மழைநீர்க் குழாய்கள், சோலார், மீட்டர்கள் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். புதிய செயலாளர் கிருபாகரன்தான் கூட்டிக்கொண்டு சுற்றினார். நான் வேலையில் இருந்தேன்.

மே 23, வெள்ளி

மோசமான நாள். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போய் நடந்தேன். தெருக்கோடிவரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன்.

மே 31, சனி

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். எதிரே ஒரு டீக்கடை. கண்ணாடித் தம்ளர்களை ஒரே அலுமினிய வாளியில் முக்கி எடுத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாளித் தண்ணீர் டீயின் நிறத்தில்தான் இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

"இங்க ஒரு டீ குடிக்கலாம்" என்றாள் பூங்கோதை.

"பேப்பர் கப்ல கேக்கட்டுமா?"

"வேண்டாம். தம்ளர்ல."

வாங்கிக் கொடுத்தேன். விளிம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீ ஆடை கட்டிவிட்டது. தூக்கியபோது விரல் மேலெல்லாம் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். அப்புறம் இன்னொரு வாய். பாதியில் என்னிடம் நீட்டினாள். மீதியை நான் குடித்தேன். தோளைத் தொட்டுக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் மூச்சு என் முதுகில் பட்டது. யாழினிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லத் துடித்தது. சொல்லக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு; அந்த ஆறுதலும் நோய்க்குத் தீனிதானாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். தட்டவில்லை.

வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கைகளைத் துடைக்காமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முடியலைங்க. பஸ் ஸ்டாண்டு தாண்டறவரைக்கும் முடிஞ்சது. அதுக்கப்புறம் முடியலை."

"பரவாயில்ல."

"நாளைக்கும் அந்தக் கடைக்குப் போலாமா?"

போகலாம் என்றேன்.